அம்மாவுக்குப் பிடிக்காதாம்

மகனுக்கு,

‘அன்பு மகனுக்கு’ எண்டு துவங்கத்தான் பேனையை எடுத்தனான். அன்பு இண்டைக்குக் கொஞ்சம் தட்டுப்பாடாக் கிடக்கு. அதால வெறும் மகனுக்கு எண்டே வைச்சுக்கொள். சுகமோ எண்டு கேக்கவும் மனமில்லை. நீ சுகமாத்தான் இருப்பாய், உன்னைப் போல ஆக்களுக்கு ஒரு கோதாரியும் வராது. சிட்னியில, ஹோம்புஷ் ஃபிளாட்டில, கலியாணத்துக்கு முதல் முடிக்க வேண்டிய வேலையெண்டு கொம்பியூட்டருக்கு முன்னால குந்திக்கொண்டு இருப்பாய். நான் இஞ்ச மெல்பேணில, மல்கிரேவ் வீட்டுக் குசினியில, பலகாரத் தட்டுகளைத் தள்ளி வைச்சுப்போட்டு மேசையில ஒரு மூலையைப் பிடிச்சு எழுதுறன். கொப்பர் முன்னறையில கிரிக்கெட் பாக்கிறார். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கலியாணம். இதையெல்லாம் போனிலயும் சொல்லியிருக்கலாம். போனில எண்டால் நீ ‘ரிலாக்ஸ் மம்’ எண்டு சொல்லிப்போட்டுக் கட் பண்ணிப்போடுவாய். கடிதத்தில உனக்கு அந்த வசதி இல்லை.

நீ கட்டப்போற பெட்டையைப் பற்றித்தான் கதை. ஆரணியைப் பற்றி. கொம்பனி உன்னை லண்டனுக்கு அனுப்பின காலத்தில ஒருநாள் போன் எடுத்து, அம்மா, நான் ஒராளை விரும்புறன், எங்கட ஆக்கள்தான், யாழ்ப்பாணம்தான், லண்டனில பிறந்தவள் எண்டனீ. எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. என்ன செய்யிறாள் எண்டு கேட்டன். ராப் பாடுறாள் எண்டனீ. குளிர்ந்த நெஞ்சு அப்பிடியே நிண்டுபோச்சு. பேந்து ஒரு வீடியோ அனுப்பினனீ. பாத்தன். கொப்பற்றை மழைக்கோட்டைப் போல ஒண்டைப் போட்டுக்கொண்டு, மைக்கை வாய்க்குள்ள விடுற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு, மீன்கடையில சண்டை பிடிக்கிற வேகத்தில இங்கிலீசும் தமிழுமாக் கொட்டுறாள். நடுவில ரெண்டு தூஷணம் வேற. மேடைப் பேர் என்னவெண்டு பாத்தால் ‘வாய்க்காரி’யாம். எங்கட பெண்டுகள் ஆரையேன் கரிச்சுக்கொட்டுறதுக்கு வைச்சிருக்கிற சொல்லை எடுத்துத் தனக்குப் பேராய் வைச்சிருக்கிறாள். இது பாட்டில்லை, கத்தல் எண்டு உனக்கு அண்டைக்கே சொன்னனான். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன். ஒரு ராகம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடைசியில அம்மா மனம் மாறி அந்தப் பாட்டுக்குத் தலையாட்டினா எண்டு ஒரு கதையை நீ இதில எதிர்பாக்காதை. எனக்குத் தலையும் ஆடேல்லை, காலும் ஆடேல்லை.

ஆனால் ஒண்டு. அதை நான் அவளின்ரை முகத்துக்கு நேரேயும் சொன்னனான். போன மாதம் தகப்பனோட வந்து இறங்கி, டண்டினொங்கில வீடு எடுத்துக்கொண்டு இருந்தினம் எல்லோ, அந்த முதல் கிழமையே என்னட்டை வந்தவள். இந்தக் குசினியில இந்தக் கதிரையில இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு, ‘அன்ரி, என்ரை பாட்டுக் கேட்டனீங்களோ?’ எண்டு கேட்டாள். நான், ‘கேட்டன் பிள்ளை. எனக்கு அது பாட்டாத் தெரியேல்லை’ எண்டன். அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். ‘அப்பாவும் இதைத்தான் சொல்லுறவர் அன்ரி. ஆனா ஒரு ஷோவையும் மிஸ் பண்ண மாட்டார்’ எண்டாள். அதோட எங்களுக்குள்ள சரி. நான் ஒளிக்கேல்லை, அவளும் கோவிக்கேல்லை. உனக்கும் அவளுக்கும் இடையில இத்தினை காலத்தில அப்பிடி ஒரு அஞ்சு நிமிசக் கதை நடந்திருக்குமோ எண்டு எனக்கு இப்ப சந்தேகமாக் கிடக்கு.

அவள் என்னெண்டு இந்தப் பாட்டுக்கு வந்தவள் எண்டு நீ எப்பவேன் கேட்டனியோ? நான் கேட்டன். தாய் செத்தது அவள் சின்னப் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கை. தகப்பன் பெற்றோல் ஷெட்டில வேலை. பிள்ளையைப் பாக்க ஆளில்லை எண்டு பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிக்கொண்டு போய், கல்லாவுக்குப் பின்னால பால் பெட்டி ஒண்டைக் கவிட்டுப் போட்டு இருத்திப்போட்டு வேலை செய்வாராம். வாறவன் போறவன் எல்லாம் தகப்பனைப் பாத்து வாயில வந்ததைச் சொல்லிப்போட்டுப் போவாங்களாம். நிறத்தைச் சொல்லி, பேச்சைச் சொல்லி, ஊருக்குப் போடா எண்டு சொல்லி. அந்த மனிசன் ஒண்டுக்கும் மறுமொழி சொல்லாமல் மிச்சக்காசைக் குடுத்து ‘தாங்க்யூ’ சொல்லுவாராம். ‘அப்பா சொல்லாததை நான் பால் பெட்டியில இருந்து வாய்க்குள்ள சொல்லுவன் அன்ரி. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு மறுமொழி. நெடுகச் சொல்லச் சொல்ல அது தாளத்தில வரத் துவங்கீட்டுது’ எண்டாள். இதைச் சொல்லேக்கை அவள் அழேல்லை, எனக்குத்தான் கண்ணீர் வந்தது. வெங்காயத்தில பழியைப் போட்டுச் சமாளிச்சன்.

பேந்து நடந்ததையும் அவளே சொன்னாள். உடுப்பு அலுமாரிக்குள்ள புகுந்து, தகப்பன்ரை ஜக்கெற்றுகளுக்கு நடுவில நிண்டு போனில பதிஞ்சதுதான் முதல் பாட்டு. சத்தம் வெளிய கேட்டால் மேல்வீட்டுக்காரன் வந்திடுவானாம். அந்தப் பாட்டு வெளிய வந்ததும் லண்டனில இருக்கிற மாமிமார் தகப்பனுக்குப் போன் எடுத்து, தாயில்லாப் பிள்ளையை இப்பிடி வாய்க்காரியா வளத்து வைச்சிருக்கிறீர், ஆர் கட்டப்போறான் எண்டு கேட்டவையாம். அவள் அடுத்த கிழமையே அந்தச் சொல்லைப் பேராய்ப் போட்டிட்டாள். ஒரு பாட்டுக் கொம்பனிக்காரன் கூப்பிட்டு, பிள்ளை நல்லாச் செய்யிறாய், அந்தத் தமிழை மட்டும் எடுத்துப் போடு எண்டானாம். அடுத்தவன் கூப்பிட்டு, தமிழ் காணாது, பொட்டு வை, சலங்கை கட்டு, பின்னால ஒரு யானை வருகுது எண்டானாம். ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டுப்போட்டு வந்திட்டாள். பகலில கவுன்சில் ஒஃபிஸில வேலை, சனி ஞாயிறு ஒரு பழைய வானில ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டு. இருபது பேருக்கு முன்னாலயும் பாடியிருக்கிறாள், ஆரும் இல்லாத இடத்தில மைக் பூட்ட வந்தவனுக்கும் பாடியிருக்கிறாள். இண்டைக்கு இங்கிலாந்தில அவளுக்கு ஆக்கள் மழைக்குள்ள வரிசையில நிக்கினம். அவளுக்கு ஆரும் ஒண்டையும் தூக்கிக் குடுக்கேல்லை, தம்பி. இதை நீ மறந்துபோனாய்.

இல்லை, மறக்கேல்லை. லண்டனில அது உனக்கு நல்லா ஞாபகம் இருந்தது. மேடைக்குப் பின்னால அவளோட நிண்டு படம் எடுத்துப் போட்டனீ, கழுத்தில அந்தப் பாஸ் அட்டையைத் தொங்க விட்டுக்கொண்டு. உன்ரை ஒஃபிஸ் பொடியளுக்கு முன்னால நீ பெரிய ஆளாத் தெரிய அவள் தேவைப்பட்டாள். கலியாணம் எண்டு வந்ததும் கதை மாறீட்டுது. விரும்பேக்கை ராப்பர், கட்டேக்கை மீடியா. சொந்தக்காரருக்கு நீ அப்பிடித்தானே சொல்லி வைச்சிருக்கிறாய்? சின்ன மாமி என்னட்டைக் கேக்கிறா, ‘மருமகள் மீடியாவிலயாமே, டிவியில நியூஸ் வாசிக்கிறவவோ?’ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? ‘வாசிப்பா, வாசிப்பா, ஆனால் நீங்கள் கேட்டால் காதைப் பொத்துவியள்’ எண்டு சொல்ல வாய் உன்னினது, அடக்கிப்போட்டன்.

நீ பயப்பிடுற அந்த ஆக்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுறன், கேள். சின்ன மாமியின்ரை பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு செய்தவை, நீயும் வந்தனீ. வெள்ளைக் குதிரை பூட்டின வண்டி, புகை மெசின், பிள்ளையின்ரை ஆளுயரப் படம் நாலு. பேந்து அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையை மேடையில ஏத்தி, சினிமாப் பாட்டொண்டைப் போட்டு இடுப்பை ஆட்ட விட்டினம். அந்தப் பாட்டில ஒவ்வொரு வரியும் என்னத்தைச் சொல்லுது எண்டு தமிழ் தெரிஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ? சின்ன மாமா முன்னால நிண்டு வீடியோ எடுத்தார். கை தட்டினம், நானும் தட்டினன், என்னையும் சேத்துத்தான் சொல்லுறன். அது கலாச்சாரம். தகப்பனை அவமதிச்சவனுக்கு மறுமொழி சொல்லுற பெட்டை வெக்கக்கேடு. இந்த மூளை கெட்ட கூட்டத்தின்ரை வாய்க்குப் பயந்துதான் நீ உன்ரை பெண்சாதியாய் வரப்போறவளை ஒளிச்சு வைக்கிறாய். அவையள் சோறு சாப்பிட்டு, கறியில உப்புக் காணாது எண்டு சொல்லி, கார் பார்க்கிங்கிலயே உன்னை மறந்திடுவினம்.

இது வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தனான். ஆம்பிளையளின்ரை வழமையான கோழைத்தனம்தானே, போகப் போகத் தெளியும் எண்டு விட்டன். திங்கட்கிழமை பொன்னுருக்கினதோட நீ செய்ததுதான் எனக்கு இண்டைக்கு நெஞ்சில நிண்டு கொதிக்குது.

பொன்னுருக்கல் எங்கட கராஜுக்குள்ள நடந்தது. வீட்டுக்குள்ள செய்தால் புகை அலாரம் அடிச்சு ஃபயர் பிரிகேட் வந்திடும் எண்டு நகைப் பத்தர் முதலே சொல்லிப்போட்டார். காரை வெளிய எடுத்து, புல்லு வெட்டுற மெசினை ஒரு மூலையில சேலையால மூடி, குத்துவிளக்கு வைச்சுக் கோலம் போட்டன். தாலிக்குப் பவுணை உருக்கேக்கை நீ பட்டுவேட்டியோட கைகட்டிக்கொண்டு நிண்ட வடிவைப் பாத்து எனக்கே கண்பட்டிடுமோ எண்டு இருந்தது. சாப்பிட்ட கையோட ஏர்போட்டுக்கு வெளிக்கிட்டனீ. சனிக்கிழமை வாறன் எண்டனீ. போட்டு வா எண்டு நானும் அனுப்பினன். பொன்னுருக்கினால் பொம்பிளையும் மாப்பிள்ளையும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, ஒராளை ஒராள் பாக்கக் கூடாது எண்டு முந்தி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். வேலைக்குப் போற பிள்ளையளிட்டை அதை ஆர் இப்ப கேக்கிறது? நான் வாயே திறக்கேல்லை.

நீ திறந்தனீ. என்ரை வாயை. ஏர்போட்டில நிண்டு அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாய்: பொன்னுருக்கியாச்சு, இனிப் பொம்பிளை வெளிய போகக் கூடாது, வியாழக்கிழமை மெல்பேண் சிற்றிக்குள்ள வைச்சிருக்கிற ஷோவை நிப்பாட்டு, ‘எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனா அம்மாவுக்குப் பிடிக்காது, அம்மா இதில சரியான கடுமை, மனம் நொந்துபோவா’ எண்டு. கூடாது எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டு நீ பிளேன் ஏறினாய்! மாப்பிள்ளைக்கும் அதே வழக்கம்தானே, மோடயா! சிட்னி என்ன எங்கட வீட்டுப் பின்வளவோ?

எனக்கு இது செவ்வாய்க்கிழமைதான் தெரியும். பயித்தம் பணியாரத்துக்கு மா குழைச்ச கையோட நிக்கேக்கை அவள் போன் எடுத்தாள். ‘அன்ரி, நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் ஷோவை கான்சல் பண்ணச் சொல்லீட்டன். எனக்கு அம்மா இல்லை, இந்த முறையள் எல்லாம் தெரியாது. முதலே கேட்டிருக்க வேணும். சொறி அன்ரி’ எண்டாள். ஒஸ்ரேலியாவில அவளின்ரை முதல் ஷோ. ரிக்கெற் எல்லாம் வித்து முடிஞ்சிட்டுது எண்டு போன கிழமை இதே குசினியில துள்ளினவள். இப்ப என்னட்டை மன்னிப்புக் கேக்கிறாள்! எனக்கு முதலில ஒண்டும் விளங்கேல்லை. விளங்கின உடன என்ன செய்தனான் தெரியுமோ? ‘ஓம் பிள்ளை’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். உன்னைக் காட்டிக் குடுக்க வாய் வரேல்லை. பெத்த வயிறு எண்டுறது எவ்வளவு மானங்கெட்டது எண்டு அந்தக் குசினியில மாக்கையோட நிண்டு விளங்கிக்கொண்டன்.

ஏன் இப்பிடிச் செய்தாய் எண்டு நான் உன்னைக் கேக்கப் போறதில்லை, எனக்குத் தெரியும். ஷோவுக்கு மெல்பேண் தமிழ்ப் பொடியள் எல்லாம் வருவாங்கள். அதில பாதி உன்ரை மச்சான்மார். ஆரேன் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில போட்டால், மீடியா மருமகள் மேடையில நிண்டு தூஷணம் கொட்டுறது கலியாணத்துக்கு முதல் சின்ன மாமியின்ரை கைக்கு வந்திடும். இதுதானே உன்ரை பயம்? இதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ‘எனக்குப் பயமாக் கிடக்கு ஆரணி, கலியாணம் முடிய விட்டுப் பாடு’ எண்டு கேட்டிருக்கலாம். சீ எண்டு துப்பியிருப்பாள், இல்லாட்டில் சரி பாவம் எண்டு விட்டிருப்பாள். ரெண்டும் உங்களுக்குள்ள நடக்கிற கதை. நீ அதுக்கு ஏலாமல், அறுபத்தெட்டு வயசில முழங்கால் வலியோட பலகாரம் சுட்டுக்கொண்டு நிக்கிற என்னை இழுத்து முன்னால விட்டுப்போட்டுப் பின்னால நிண்டாய்.

இந்தக் களவு உனக்கு வானத்தில இருந்து வரேல்லை. முன்னறையில கிரிக்கெட் பாக்கிறாரே, அவரிட்டை இருந்து வந்தது. நாங்கள் மெல்பேணுக்கு வந்த புதுசில, நீ கைக்குழந்தை. எனக்கு நேர்சிங் படிக்க இடம் கிடைச்சது. கொப்பர் சொன்னார், ‘எனக்கொண்டும் இல்லை, நீர் படியும். ஆனால் அம்மாவுக்குப் பிடிக்காது. பிள்ளையை விட்டுப்போட்டு ராவு வேலைக்குப் போற மருமகள் எண்டால் அவ மனமுடைஞ்சு போவா.’ அவ இருந்தது யாழ்ப்பாணத்தில. எனக்கும் அவவுக்கும் இடையில கடல். நான் படிக்கப் போகேல்லை. டண்டினொங்கில ஒரு கோழிப் பக்டரியில பகல் வேலைக்குப் போனன். அந்தக் குளிருக்குள்ள நிண்டு கோழியை வெட்டேக்கை ஒவ்வொரு நாளும் என்ரை மாமியைத்தான் மனசுக்குள்ள திட்டினன். அவ வருத்தமாக் கிடக்கேக்கை மருந்துக்குக் காசு அனுப்பினன், ஒரு வார்த்தை அன்பா எழுதேல்லை. பேந்து கன வருசத்துக்குப் பிறகு அவ இஞ்ச வந்து ஒரு மாதம் நிண்டவ. ஒருநாள் என்ரை கையைப் பிடிச்சுப் பாத்துப்போட்டுக் கேக்கிறா, ‘ஏன் பிள்ளை, நேர்சிங் படிக்க இடம் கிடைச்சதெண்டு மகன் எழுதினவன், ஏன் நீ போகேல்லை? நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.’

எனக்கு அந்த இடத்திலயே உயிர் போய் வந்தது. கொப்பரைக் கேட்டன். ‘அப்ப அப்பிடித்தான் தோன்றினது’ எண்டார். அவ்வளவுதான் விளக்கம். எனக்குப் படிப்புப் போனது கூட ஆறீட்டுது, தம்பி. ஒரு பாவமும் அறியாத மனிசியை அத்தினை வருசம் வெறுத்தனே, அது ஆறேல்லை. அவவுக்கு நான் ஏன் முகம் குடுக்கேல்லை எண்டு தெரியாமலே அவ போய்ச் சேர்ந்திட்டா. இப்ப நீ அதே கதிரையில என்னை இருத்தப் பாக்கிறாய். ஆரணி என்னை அன்ரி அன்ரி எண்டு கொண்டு வருவாள், பேந்து மாமி எண்டுவாள், பேந்து மெல்ல மெல்ல வாறதைக் குறைப்பாள். ஏனெண்டு எனக்கும் சொல்ல மாட்டாள். நீ நடுவில நிண்டு ரெண்டு பேருக்கும் நல்லவனாய் இருப்பாய். நான் அந்தக் கதிரையில இருக்க மாட்டன்.

புதன்கிழமை காலமை பஸ் எடுத்து டண்டினொங்குக்குப் போனன். கொப்பரை ஏத்திக்கொண்டு போகச் சொல்லக் கூட மனம் வரேல்லை. அவள் கட்டிலில இருந்து ஷோவுக்கெண்டு தைச்ச உடுப்பை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு இருந்தாள். தகப்பன் வாசலில நிண்டு, ‘அக்கா, உங்கட முறையை மீறி நாங்கள் ஒண்டும் செய்ய மாட்டம்’ எண்டு கையெடுத்துக் கும்பிடுறார். பெற்றோல் ஷெட்டில கண்டவனுக்கும் ‘தாங்க்யூ’ சொன்ன மனிசன், இப்ப எனக்கும் கும்பிடு போடுறார்! நான் நேரே அவளிட்டைப் போய், ‘பிள்ளை, எனக்கு ஒரு முறையும் இல்லை, நீ போய்ப் பாடு’ எண்டன். ‘உண்மையாவோ அன்ரி?’ எண்டு பாய்ஞ்சு கட்டிப்பிடிச்சாள். ஷோ நடத்துறவங்கள் இன்னும் வெளிய அறிவிக்கேல்லை, காலமை வரைக்கும் பொறுக்கச் சொல்லித் தகப்பன்தான் கேட்டு வைச்சவராம். போனைப் போட்டாள், ஷோ திரும்ப வந்திட்டுது. ‘நீங்கள் எனக்காக மனம் மாறினதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்’ எண்டாள். நான் மாற என்ன கிடந்தது? சொல்ல வாய் எடுத்தன். இது நான் சொல்லுற கதையில்லை, நீ சொல்ல வேண்டிய கதை எண்டு விழுங்கிப்போட்டன்.

நேற்று ஷோவுக்கு நானும் போனனான். அவளின்ரை தகப்பனுக்குப் பக்கத்தில, மேடைக்கு ஓரமாய் ஒரு கதிரை போட்டுத் தந்தவை. காதுக்குப் பஞ்சும் தந்தவை, நல்ல பிள்ளையள். முன்னுக்கு நிண்டதில கனபேர் அகதியாய்ப் படகில வந்த பொடியள், விசா எப்ப வரும் எண்டு தெரியாமல் பக்டரியில வேலை செய்யிறவங்கள். சின்ன மாமி ஆக்கள் கலியாணங்களுக்குக் கூப்பிடாத பொடியள். பெற்றோல் ஷெட் பாட்டு வரேக்கை, தகப்பனுக்கு ஆர் ஆர் என்னென்ன சொன்னாங்களோ அதையெல்லாம் ஒவ்வொண்டாச் சொல்லி ஒவ்வொண்டுக்கும் மறுமொழி குடுத்தாள். அந்தப் பொடியள் கூடவே சொல்லுறாங்கள், ஒருத்தன் கண்ணைத் துடைக்கிறான். தகப்பன் அவளின்ரை ஜக்கெற்றை மடியில வைச்சுக்கொண்டு தலையைக் குனிஞ்சபடி சிரிக்கிறார். எனக்கு அது அப்பவும் பாட்டாத் தெரியேல்லை. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கினது.

அது முடிஞ்ச உடன பாட்டை நிப்பாட்டிப்போட்டு, இங்கிலீசில கதைக்கத் துவங்கினாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம் எண்டாள், எல்லாரும் கத்தினம். எங்கட வழக்கப்படி நான் இண்டைக்கு வெளிய வரவே கூடாது, என்ரை மாமி சரியான கடுமை, வேண்டாம் எண்டு சொன்னவ, ஆனால் எனக்காக மனம் மாறி, தானே வீடு தேடி வந்து, போய்ப் பாடு எண்டு அனுப்பினவ, அந்தா இருக்கிறா எண்டு என்னைக் காட்டினாள். லைற்றைத் திருப்பி என்ரை முகத்தில அடிச்சாங்கள். அந்த மண்டபம் முழுக்கத் திரும்பி எனக்குக் கை தட்டினது. ‘மாமி! மாமி!’ எண்டு பொடியள் கத்துறாங்கள். செய்யாத கொடுமையை விட்டுக் குடுத்ததுக்கு எனக்குக் கைதட்டு! எழும்பி இல்லையெண்டு கத்தியிருக்கலாம், அந்தப் பிள்ளையின்ரை சந்தோசத்தைப் பாத்துப்போட்டு முடியேல்லை. இருந்தபடி கையெடுத்துக் கும்பிட்டன். என்ரை வாழ்க்கையில நான் அவ்வளவு கேவலப்பட்டதில்லை. அதைச் செய்தது எனக்கு ஆகாதவன் இல்லை, நான் பெத்தது.

உனக்குப் புத்தி சொல்லித்தான் முடிக்க வேணும் எண்டால், இதுதான். பெண்சாதி பாடினால் என்ன, பாடாட்டில் என்ன, அது உங்கட பாடு. பிடிக்கேல்லை எண்டால் பிடிக்கேல்லை எண்டு சொல்லு. பயமெண்டால் பயமெண்டு சொல்லு. ஆம்பிளைக்குப் பயம் வாறது வெக்கமில்லை. அந்தப் பயத்துக்கு அம்மா எண்டு பேர் வைச்சுக் கூப்பிடுறதுதான் வெக்கம். அவள் வாய்க்காரி எண்டு உலகத்துக்கே சொல்லிக்கொண்டு திரியிறாள். உனக்கு வாயே இல்லை. அவளுக்கு நீ எந்த வகையில பொருத்தம் எண்டு நான் காலமையில இருந்து யோசிக்கிறன், இன்னும் ஒண்டும் பிடிபடேல்லை.

நாளைக்கு நீ மெல்பேணில வந்து இறங்கேக்கை நான் ஏர்போட்டுக்கு வரேல்லை, கொப்பரும் வரேல்லை. ஆரணிதான் வாறாள். பொன்னுருக்கின பிறகு பாக்கக் கூடாதே அன்ரி எண்டு கேட்டவள், நான் போ எண்டிட்டன். இந்தக் கடிதத்தை அவளின்ரை கையிலதான் குடுத்து விடுறன். உறை ஒட்டேல்லை. தம்பிக்கு ஒரு கடிதம் பிள்ளை, காருக்குள்ள இருந்து அவனைக் கொண்டு உனக்கும் வாசிப்பிச்சுக் கேள் எண்டு சொல்லி விடுவன். அவளுக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதால உனக்கு இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருக்கு. அம்மா வாழ்த்து எழுதியிருக்கிறா, கவனமா இருங்கோவாம் எண்டு நாலு வரி சொல்லிப்போட்டு மடிச்சு வைக்கலாம். அவள் நம்புவாள். நான் வேணுமெண்டுதான் அந்த இடத்தை விட்டு வைச்சிருக்கிறன். வாசிச்சு முடிய அவள் கலியாணம் வேண்டாம் எண்டால், மண்டபத்துக்கும் ஐயருக்கும் சின்ன மாமிக்கும் நானே போன் எடுத்துச் சொல்லுவன், உன்னை ஒரு சொல்லும் பேச மாட்டன். வேணும் எண்டால், ஞாயிற்றுக்கிழமை காலமை முழுகிச் சீலை உடுத்துக்கொண்டு வந்து மணவறைக்கு முன்னால நிப்பன்.

இப்ப அவள் உனக்குப் பக்கத்து சீற்றில இருக்கிறாள். முதல் வரியில இருந்து உரத்து வாசி.

அம்மா